முதுகில் ஏறினால் உதறும் கரடி: இரண்டாம் பாகம் ஏன் மனதில் நிற்கவில்லை?

கேள்வி: கோத்தகிரியில் நாங்கள் நான்கு பேர். சிலம்பம் சுற்றும் கரடியை வைத்து 9 நிமிட அனிமேஷன் நகைச்சுவைப் படம் ஒன்று செய்தோம். பார்த்தவர்களுக்கெல்லாம் பிடித்தது. இப்போது இரண்டாம் பாகத்துக்கு 14 நிமிட அனிமேட்டிக் (முழுதாக வரைவதற்கு முன் வரைபடங்களை வரிசையாக ஓடவிட்டுப் பார்க்கும் மாதிரிப் படம்) தயார். போட்டுக் காட்டினால் சிரிக்கிறார்கள், சண்டைக்குக் கைதட்டுகிறார்கள், முடிந்ததும் எழுந்து டீ குடிக்கப் போய்விடுகிறார்கள். 'குங் ஃபூ பாண்டா' இரண்டாம் பாகத்தைப் பார்த்துக் கண் கலங்கியவர்கள்தான் இவர்களும். எங்களுடையதில் என்ன குறை?

பதில்:

நீங்கள் அனுப்பிய கதையை முதலில் நாலு வரியில் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களும் படிப்பார்கள். முதல் பாகத்தில், தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய சோலையில் ஒரு மலை அணில் ஆயா வளர்த்த கரடி, கோயில் விளக்கு எண்ணெயைக் குடித்து மாட்டிக்கொள்கிறது. தண்டனையாகக் கருமந்தி வாத்தியாரிடம் போய்ச் சிலம்பம் கற்கிறது. கடைசியில் முதுகில் பாய்ந்த சிறுத்தையை உதறிப் பள்ளத்தில் தள்ளி எல்லோரையும் காப்பாற்றுகிறது. இரண்டாம் பாகத்தில் அதைவிடப் பெரிய கருஞ்சிறுத்தை வருகிறது, வாத்தியாரை அடித்துப்போடுகிறது, கரடி புது வீச்சு ஒன்று கற்று அதையும் வெல்கிறது.

குறை இந்தச் சுருக்கத்திலேயே தெரிகிறது. முதல் பாகம் கேட்ட கேள்வி "இந்தத் தடியனால் முடியுமா?" என்பது. முடியும் என்று காட்டிவிட்டீர்கள். இரண்டாம் பாகம் அதே கேள்வியைக் கொஞ்சம் சத்தமாகக் கேட்கிறது. பார்ப்பவனுக்கு விடை முன்பே தெரியும். அதனால் வேடிக்கை பார்க்கிறானே தவிரப் பதறவில்லை. வில்லனை எத்தனை அடி உயர்த்தினாலும் இது தீராது. சொல்லப்போனால், சிறுத்தைக்குப் பதில் கருஞ்சிறுத்தை என்பது விலங்கியல்படியே அதே மிருகம்தான். கருமை நிறமி கூடிப்போன சிறுத்தைக்குத்தான் கருஞ்சிறுத்தை என்று பெயர். நீங்கள் வில்லனுக்குச் சாயம் பூசியிருக்கிறீர்கள், அவ்வளவுதான். (இதே உண்மை பிறகு உங்களுக்குக் கைகொடுக்கப் போகிறது.)

நீங்கள் ஒப்பிட்ட படத்துக்கு வருகிறேன். 2008இல் வந்த முதல் பாகத்தில் 'போ' என்ற பாண்டா வீரனாகிவிடுகிறான். 2011இல் வந்த இரண்டாம் பாகத்தில் அவனை மறுபடி மக்குப் பையனாக்கவில்லை. தொடக்கத்திலேயே ஐந்து வீரர்களோடு சேர்ந்து நன்றாகச் சண்டை போடுகிறான். இது சின்ன விஷயம் போலத் தெரியும், ஆனால் பல தொடர்ச்சிகள் இங்கேதான் சறுக்குகின்றன. சிரிக்க வைப்பதற்காக முதல் பாகத்தில் கற்றதையெல்லாம் மறக்கடித்துவிடுவார்கள். பார்ப்பவனுக்கு அது துரோகம் மாதிரி. அவனும்தானே நாயகனோடு உட்கார்ந்து கற்றான்! போவின் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. கொள்ளையடிக்க வந்த ஓநாயின் கவசத்தில் ஒரு சின்னத்தைப் பார்க்கிறான், கை நின்றுவிடுகிறது, அடி விழுகிறது. பிறகு பீரங்கிப் பட்டறையில் மயில் வில்லன் ஷென்னின் தோகையில் அதே வடிவம். மறுபடி உறைகிறான், இந்த முறை பீரங்கியே சுடுகிறது. ஆக இரண்டாம் பாகத்தின் கேள்வி பலத்தைப் பற்றியது இல்லை. "எதைப் பார்த்தால் இவன் கை நிற்கிறது, ஏன்?" என்பதுதான் கேள்வி. காயம் சண்டைக்கு வெளியே, தனியாக ஓர் அழுகைக் காட்சியில் இல்லை. சண்டையின் நடுவில், கை ஓடாமல் போகும் அந்த அரை நொடியில் இருக்கிறது. நாயகன் ஒருமுறை கம்பு சுழற்றினால் கதையும் ஒரு சுற்று நகர வேண்டும். உங்கள் அனிமேட்டிக்கில் கம்பு சுழலும்போதெல்லாம் கதை திண்ணையில் உட்கார்ந்து காத்திருக்கிறது.

அந்தப் படத்தில் கிட்டப்போய்ப் பார்க்க வேண்டியது முள்ளங்கி. ஆமாம், முள்ளங்கிதான். போவை வளர்த்த வாத்து அப்பா, காய்கறி வந்த கூடையில் முள்ளங்கிக்குப் பதிலாக ஒரு பாண்டாக் குட்டி கிடந்த கதையைச் சொல்கிறார். அன்றைக்கு இரண்டு முடிவு எடுத்தாராம்: இனி சூப்பில் முள்ளங்கி போடுவதில்லை, இந்தக் குழந்தையை மகனாக வளர்ப்பது. முதல் முடிவுக்குச் சிரிக்க வாயைத் திறப்பவன் இரண்டாவதைக் கேட்டு மூடிக்கொள்கிறான். ஒரே மூச்சில் இரண்டும். அடுத்து, போ கனவு காண்கிறான்: பெற்றோர் அவனுக்குப் பதில் ஒரு முள்ளங்கியை மகனாக வைத்திருக்கிறார்கள், அதற்குக் குங் ஃபூவும் தெரிகிறது. சுத்தக் கூத்து. ஆனால் "என்னை வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள்" என்ற பயம் அந்தக் கூத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது. மூன்றாவதாக உண்மை வருகிறது: தாய் அவனைக் காப்பாற்ற முள்ளங்கிக் கூடைக்குள் ஒளித்துவைத்துவிட்டு ஓடுகிறாள். இரண்டு தடவை சிரிக்க வைத்த அதே காய்கறி மூன்றாம் தடவை தொண்டையை அடைக்கிறது. புதிதாகச் சோக இசையோ, நீளமான வசனமோ தேவைப்படவில்லை. பொருள் முன்பே மனதுக்குள் போய்விட்டது.

இதுதான் நான் சொல்ல வந்த முக்கியமான சங்கதி. நகைச்சுவைப் படத்தின் தொடர்ச்சியில் உணர்ச்சி புதிதாக வெளியிலிருந்து வர வேண்டியதில்லை. முதல் பாகத்தில் காரணம் கேட்காமல் சிரித்த இடத்தில்தான் அது புதைந்து கிடக்கும். அந்தப் படத்தின் முதல் பாகத்தில் பாண்டாவுக்கு வாத்து எப்படி அப்பா என்று கதை வாயே திறக்கவில்லை. ஒரு கட்டத்தில் வாத்து அப்பா "ரொம்ப நாளாகச் சொல்ல நினைத்தது" என்று ஆரம்பித்து, சூப்பின் ரகசியத்தைச் சொல்லிவிட்டுப் போகிறார். எல்லோரும் சிரித்தோம். அந்தப் பூட்டிய கதவைத்தான் இரண்டாம் பாகம் திறந்தது.

உங்கள் முதல் பாகத்தில் அப்படிப் பூட்டிய கதவு எத்தனை? நான் மூன்று எண்ணினேன். ஒன்று, கரடிக்கு அணில் எப்படி ஆயா ஆனாள். இதைத் தொடாதீர்கள்; தத்து ரகசியம் அந்தப் படத்தின் சொத்து, எடுத்தால் நகல் என்று முதல் நிமிடத்திலேயே முத்திரை விழும். இரண்டு, விளக்கு எண்ணெய். எண்ணெய் வாசனைக்குக் கரடிகள் கோயில் கதவை உடைப்பதும், சத்துணவுக் கூடத்தில் புகுவதும் நீலகிரியில் எல்லோருக்கும் தெரிந்த செய்தி; அதனால்தான் ஊரில் அத்தனை சிரிப்பு. நல்ல சிரிப்பு, ஆனால் அதற்குள் பெரிதாக ஒன்றும் இல்லை, பசிதான். மூன்றாவதுதான் புதையல். கரடிக்கு முதுகில் யார் கை வைத்தாலும் கூசும். உடம்பை உதறும், மேலே இருப்பது யாரானாலும் பறக்கும். வாத்தியார் பறக்கிறார், வர்க்கிப் பொட்டலம் திருடிய குரங்கு பறக்கிறது, கடைசியில் சிறுத்தையும் பறக்கிறது. படத்தின் வெற்றி அடியே அதுதான். ஏன் கூசுகிறது? சொல்லவே இல்லை.

இப்போது விலங்கின் இயல்பைப் பாருங்கள். நம் காட்டுக் கரடி குட்டிகளை முதுகில் ஏற்றிக்கொண்டு திரியும். பெரும்பாலும் இரண்டு குட்டி. தாய் ஓடும்போது முதுகு மயிரைப் பற்றிக்கொண்டு இரண்டும் தொங்கும். உங்கள் கரடியும் ஒரு காலத்தில் அப்படித் தொங்கியிருக்கும். கூடவே ஒரு தங்கச்சியும் இருந்திருக்கும். ஒருநாள் பனிமூட்டத்தில் ஓடையைத் தாண்டும்போது இரண்டும் தாயின் முதுகிலிருந்து வழுக்குகின்றன. தண்ணீரில் தங்கச்சி இவன் முதுகைப் பற்றிக்கொள்கிறாள். இவன் பயத்தில் உதறுகிறான். அன்றிலிருந்து முதுகில் எது பட்டாலும் உடம்பு தானாக உதறுகிறது. மனசு அதைக் 'கூச்சம்' என்று பெயர் மாற்றி வைத்திருக்கிறது.

என்ன நடந்துவிட்டது பாருங்கள். முதல் பாகத்தில் எல்லோரும் எதற்குக் கைதட்டினார்களோ, அதுவே இரண்டாம் பாகத்தில் குற்றமாகிறது. கைதட்டியவனும் பங்காளி. இதற்கு மேல் பெரிய வில்லன் வேண்டாம்.

ஆனால் வில்லனுக்கு வேலை இருக்கிறது. ஒரே ஈற்றில் புள்ளிச் சிறுத்தைக்குட்டியும் கருங்குட்டியும் பிறப்பது உண்டு. ஆகவே கருஞ்சிறுத்தை, பள்ளத்தில் விழுந்த சிறுத்தையின் அண்ணன். ஊரைப் பிடிக்க வரவில்லை, உலகை ஆள வரவில்லை, தம்பியைத் தேடி வருகிறான். நாயகன் தங்கச்சியை உதறியவன். வில்லன், உதறப்பட்டவனின் அண்ணன். இரண்டு பேருக்கும் ஒரே காயம், எதிரெதிர்ப் பக்கத்தில். ஷென் விஷயத்திலும் இதே கணக்குதான்: பெற்றோர் தன்னை வெறுத்துத் துரத்தினார்கள் என்றே நம்பிக்கொண்டிருக்கிறான், போ தன்னை விட்டுவிட்டார்கள் என்று பயப்படுகிறான். பாண்டா அந்தக் காயத்தை ஆறவிடுகிறான், மயில் கீறிக்கொண்டே இருக்கிறது. (நமக்கு மயில் என்றால் முருகனின் வாகனம். வெள்ளை மயிலை வில்லனாகப் பார்க்கவே முதலில் கொஞ்சம் உறுத்தும்.)

சண்டைகளை இப்படி மாற்றுங்கள். இப்போது மூன்று சண்டை, மொத்தம் 8 நிமிடம் 10 நொடி. 5 நிமிடம் போதும்: முதலாவது 70 நொடி, இரண்டாவது 80, கடைசி 150.

முதல் சண்டை முழுக்கச் சிரிப்பு. கரடி திறமைசாலி, ஜெயிக்கிறான். நடுவில் ஆயாவின் பேரன் அணில் விளையாட்டாக முதுகில் குதிக்கிறான், கரடி உதறுகிறான், அணில் போய்த் தேயிலைப் புதரில் விழுகிறான். எல்லோரும் சிரிக்கட்டும். அந்தக் கணத்தில் ஒரே ஒரு சத்தம் சேருங்கள்: மிக மெல்லிய கரடிக்குட்டி முனகல், அரை நொடி. யாரும் கவனிக்க மாட்டார்கள், காது கவனிக்கும்.

இரண்டாவது சண்டையில் கரடி தோற்க வேண்டும், ஆனால் பலக்குறைவால் தோற்கக் கூடாது. கம்புச் சண்டையில் கரடிதான் மேலே இருக்கட்டும். கருஞ்சிறுத்தை அடிப்பதை நிறுத்திவிட்டு, பின்னால் வந்து முதுகில் ஒரு பாதத்தை மட்டும் மெதுவாக வைத்து, "என் தம்பியும் இங்கதான் இருந்தானா?" என்று கேட்கிறான். கரடி உதற முயல்கிறான், உடம்பு ஓடவில்லை. கம்பு கையிலிருந்து நழுவுகிறது. ஆயிரம் அடிக்கு அசையாதவன் ஒரு கை பட்டு விழுகிறான். இதில் கருஞ்சிறுத்தை எவ்வளவு மெதுவாகப் பாதத்தை வைக்கிறானோ அவ்வளவு நல்லது; இங்கே வேகம் கூடினால் காட்சியே கெட்டது. முன்பாதத்தை 24 பிரேமில், அதாவது ஒரு நொடியில், வைத்தால் போதும், பாதம் பட்டபிறகு முழுதாக 2 நொடி எதுவும் அசையக் கூடாது.

பழைய நினைவை ஒரே மூட்டையாக அவிழ்க்காதீர்கள். உங்கள் அனிமேட்டிக்கில் 50 நொடிப் பின்கதை ஒன்று இருக்கிறது, வாத்தியார் உட்கார்ந்து சொல்கிறார். நாடக மேடை மாதிரி இருக்கிறது. மூன்றாக உடையுங்கள்: முதல் சண்டையில் சத்தம் மட்டும், இரண்டாவதில் 3 நொடிப் படம் (பனி, தண்ணீர், ஒரு சின்னக் கை, அவ்வளவே), ஆயா சொல்லும்போது மீதி. நினைவுக்கு ஓவியப் பாணியையும் மாற்றிவிடுங்கள். குங் ஃபூ பாண்டாவில் நிகழ்காலம் முப்பரிமாணம், நினைவு கையால் வரைந்த இருபரிமாணம், தொடக்கக் கதை நிழற்பாவை மாதிரி. முதல் பாகத்தின் கனவுக் காட்சியை இயக்கிய ஜெனிஃபர் யூ நெல்சன்தான் இரண்டாம் பாகத்தின் இயக்குநர். ஓவியப் பாணி மாறும்போது மனசு எங்கே போகிறது என்பது அவருக்குக் கைவந்த கணக்கு. நீங்கள் முழுப்படமும் இருபரிமாணத்தில் செய்வதால், நினைவை வண்ணமில்லாத கரிக்கோட்டில் வரையலாம். செலவும் குறையும், பனிமூட்டத்துக்குக் கரியைவிட நல்ல சாதனம் கிடையாது.

ஆயா சொல்லும் காட்சிதான் படத்தின் இதயம், அதனால் வசனத்தை எழுதியே காட்டுகிறேன். மலை அணில் மரத்தின் உச்சியிலேயே வாழும், தரைக்கு இறங்குவது அபூர்வம். அதை வைத்துக்கொள்ளுங்கள்.

கரடி: "நான் ஒதறுனனா ஆயா?"

ஆயா: "ஒதறுனே கண்ணு. இல்லேன்னு சொல்ல மாட்டேன். ரெண்டு நாள் அந்த ஓடையை விட்டு நகராமக் கத்துனே. அதையும் மேல இருந்து நான்தான் பாத்தேன். ஒதறுனதை மட்டும் வெச்சுக்கிட்டே. கத்துனதை மறந்துட்டே."

இந்த இடத்தில் 60 பிரேம், அதாவது இரண்டரை நொடி, சும்மா விடுங்கள். தகரக் கூரை மேல் மழைச் சத்தம் மட்டும். பிறகு ஆயா:

"அந்தச் சத்தம் தாங்காமத்தான் கீழ இறங்குனேன். இல்லாட்டி நான் எதுக்குடா மண்ணுல கால் வெக்கப்போறேன்?"

சிரிப்பு வரும், கண்ணும் கலங்கும். ஏனென்றால் இந்த நகைச்சுவை ஆயாவின் குணத்திலிருந்து வருகிறது. அவள் தன் உலகத்தையே விட்டு இறங்கி வந்திருக்கிறாள் என்பதைச் சலிப்பு மாதிரி சொல்கிறாள். உங்கள் அனிமேட்டிக்கில் இதே மாதிரி ஒரு கனமான வசனம் முடிந்து 14 பிரேமில் குரங்கு வந்து வர்க்கியைக் கடிக்கும் சத்தம் போடுகிறது. 14 பிரேம் என்றால் அரை நொடிக்குக் கொஞ்சம் அதிகம். அழலாமா என்று மனசு யோசிக்கவே அதைவிட நேரம் வேண்டும். அழுகையைப் பார்த்துக் கூச்சப்பட்டு நீங்களே கதவைச் சாத்துகிறீர்கள். நகைச்சுவைப் படம் எடுப்பவர்களுக்கு இது தொழில்நோய். குரங்கின் மீது எனக்குக் கோபமில்லை. ஆனால் அந்தக் காட்சியில் அதற்கு வேலை இல்லை. கனத்த கட்டத்தில் சிரிப்பு வரலாம், ஆனால் மூன்றாம் ஆள் கொண்டுவரக் கூடாது. வலிப்பவனோ அவனை நேசிப்பவளோதான் சிரிக்க வைக்க வேண்டும். போவும் ஷென்னும் கடைசியாகப் பேசும்போது, தழும்பு ஆறுமா, காயம் ஆறுமா என்று போ வார்த்தையில் குழம்புகிறானே, அது இந்த வகை. ஆள் மாறவில்லை, அதே வெள்ளந்திப் பயல்தான், ஆனால் வலி ஆறியிருக்கிறது என்பது அந்தக் குழப்பத்திலேயே தெரிகிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள்: ஆயா அவனைக் குற்றமற்றவன் என்று சொல்லவில்லை. "நீ உதறவே இல்லை, நீயாக நினைத்துக்கொண்டாய்" என்று எழுதக் கை வரும். எழுதாதீர்கள். காயமே பொய் என்றால் ஆறுவதற்கு என்ன இருக்கிறது?

இனி கம்பு. உங்கள் சிலம்பக் காட்சிகளில் ஒரு தொழில்நுட்பக் கோளாறு இருக்கிறது. அது சரியாகாமல் மேலே சொன்ன எதுவும் எடுபடாது. வேகச் சுழற்சியில் கம்பு கூட்டல் குறி மாதிரி மினுங்குகிறது. காரணம் எளிது. ஒரு சுற்றுக்கு 8 பிரேம் வைத்து, வரைந்த ஒவ்வொரு படத்தையும் இரண்டு பிரேமுக்கு நிறுத்துகிறீர்கள். ஆக சுற்றுக்கு நாலே படம், 90 பாகைக்கு ஒன்று. கம்புக்கு இரு முனையும் ஒரே மாதிரி என்பதால் முதல் படமும் மூன்றாம் படமும் அச்சு அசல் ஒன்று. கண்ணுக்குச் சுழற்சியே தெரியாது, நின்ற இடத்தில் படபடப்பதுதான் தெரியும். சுற்றுக்கு 10 பிரேம் வையுங்கள். 5 படம், 72 பாகை இடைவெளி, எதுவும் எதோடும் பொருந்தாது. கூடவே ஒரு முனையில் சிவப்புத் துணி கட்டுங்கள். மிக வேகமான வீச்சுகளுக்கு மட்டும் ஒரு பிரேமுக்கு ஒரு படம் வரைந்து, நடுவில் வளைந்த நிழற்கோடு ஒன்று போடுங்கள். கம்பின் உயரத்தையும் சரிபாருங்கள். சுற்றுபவனின் நெற்றி உயரம் என்பது பொதுவான கணக்கு; நீங்கள் கரடியின் இரண்டு மடங்கு வரைந்திருக்கிறீர்கள், அதனால்தான் திரும்பும்போதெல்லாம் சட்டகத்துக்கு வெளியே போகிறது. கரடியின் நீண்ட வளைந்த நகங்களால் கம்பை இறுக்கிப் பிடிக்க முடியாது, நகத்தில் மாட்டித்தான் சுழற்ற வேண்டும். அதை மறைக்காதீர்கள், அதுவே அழகான பாணி.

சிவப்புத் துணிக்கு வேறு உபயோகமும் இருக்கிறது. எங்கிருந்து வந்த துணி என்று சொல்லாமல் முதல் நிமிடத்திலிருந்து கட்டிவையுங்கள். வாத்தியார் முதலில் கம்பை எதற்குத் தந்தார்? தேயிலைச் செடியின் மேல் கிடத்தி, கொழுந்து பறிக்க மட்டம் பார்க்கிற கம்பு அது. இரண்டாம் பாகத்தில் அந்தத் தோட்ட வேலையை ஒரே ஒருமுறை அமைதியாகக் காட்டுங்கள், 10 நொடி. கடைசிக் காட்சியில் அது திரும்ப வரும். குங் ஃபூ பாண்டாவில் குரு நீர்த்துளியைக் கையில் உருட்டி இலையில் விடுகிறாரே, முதலில் அது வெறும் வித்தை மாதிரிதான் இருக்கிறது. போ பிறகு மழையில் அதே துளியைப் பிடிக்கிறான், கடைசியில் அதே அசைவில் பீரங்கிக் குண்டைத் திருப்புகிறான். புது வித்தையால் வெல்லும் நாயகனுக்குக் கைதட்டுவார்கள். ஏற்கெனவே கண்ட சின்ன அசைவு பெரிதாகி வெல்லும்போதுதான் நெஞ்சு நிறையும். உங்கள் கரடி கடைசியில் கற்கும் 'புது வீச்சு' அதனால்தான் வெறுமையாக இருக்கிறது. எடுத்துவிடுங்கள்.

கடைசிச் சண்டை. இடம் பள்ளத்தின் விளிம்பு. கோடநாடு காட்சிமுனைப் பக்கம் உள்ள சரிவு மாதிரி வரைந்தால் உயரம் தானாக வரும். சண்டைக்கு முன் கரடி ஒரு வரி சொல்லியே ஆக வேண்டும்: "உங்க தம்பியை நான்தான் ஒதறுனேன்." தப்பிக்கப் பார்க்காமல் சொல்ல வேண்டும். பிறகு 2 நிமிடம் நல்ல சண்டை, உங்கள் பையன்கள் அதில் கெட்டிக்காரர்கள், நான் சொல்ல ஒன்றுமில்லை. முக்கியம் கடைசி 20 நொடி.

கருஞ்சிறுத்தை முதுகில் பாய்ந்து நகங்களை ஊன்றுகிறான். முதல் பாகத்தில் உதறலுக்கு முன் கரடி தோளை இறக்கும் அந்த 8 பிரேமை அப்படியே, அதே படங்களையே, இங்கே வையுங்கள். எல்லோருக்கும் அடுத்து என்ன வரும் என்று தெரியும். கைதட்டத் தயாராக இருப்பார்கள். அங்கே நிறுத்துங்கள். உதறல் வராது. கரடி கம்பை மண்ணில் ஊன்றுகிறான், மட்டம் பார்ப்பதுபோலக் குறுக்கே கிடத்தவில்லை, நட்டுப் பிடித்துக்கொள்கிறான். 60 பிரேம். உடம்பு நடுங்கலாம், மற்றதெல்லாம் நிலையாக இருக்கட்டும். பிறகு பள்ளத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி, சிலம்பத்தில் முதல் நாள் கற்ற காலடியில், ஒவ்வோர் அடியாக விளிம்பை விட்டு நடக்கிறான், எதிரியைச் சுமந்துகொண்டே. 6 நொடி. நடுவில் மூச்சுத் திணறிக்கொண்டு:

"நகத்தை மட்டும் கொஞ்சம் உள்ள இழுத்துக்குங்கண்ணா. கூசுது."

அடுத்தது மிக அருகில்: கரடியின் கறுத்த மயிரில் ஊன்றிய ஐந்து நகம். சிறுத்தை இனத்துக்கு நகத்தை உள்ளிழுக்கத் தெரியும். ஒவ்வொன்றாக, 12 பிரேமுக்கு ஒன்று வீதம், உள்ளே போகின்றன. சண்டை அதோடு முடிந்தது. வில்லன் மனம் மாறியதாக வசனம் வேண்டாம், கண்ணீர் வேண்டாம், இருவரும் கட்டிப்பிடிக்கவும் வேண்டாம். வாத்தியார் "இன்னிக்குத்தான் நீ சிலம்பம் கத்துக்கிட்டே" என்று சொல்வதாக வைத்திருக்கிறீர்களே, அதை இரக்கமில்லாமல் வெட்டுங்கள். ஐந்து நகம் சொன்னதை ஒருவன் வாயால் திருப்பிச் சொன்னால் நகம் பொய்யாகிவிடும்.

வேலைக் கணக்கையும் பார்த்துவிடுவோம், ஏனென்றால் நாலு பேர்தான் இருக்கிறீர்கள். 14 நிமிடம் என்பது 20,160 பிரேம். இரண்டு பிரேமுக்கு ஒரு படம் என்றால் நொடிக்கு 12 படம். இருவர் ஓயாமல் அசையும் சண்டையில் அது நொடிக்கு 24 ஆகிறது. இப்போதுள்ள 490 நொடிச் சண்டைக்கு 11,760 படம். 300 நொடியாகக் குறைத்தால் 7,200. மிச்சம் 4,560 படம். ஆயா காட்சியில் வரும் இரண்டரை நொடி மௌனத்துக்கு எத்தனை? ஒரு படம், கண் சிமிட்ட இன்னும் நாலு. உணர்ச்சி மலிவு, சண்டைதான் விலை. பெரும்பாலான சின்னக் குழுக்கள் இதைத் தலைகீழாகச் செலவழிக்கின்றன. மிச்சமான உழைப்பைக் கரடியின் முகத்தில் போடுங்கள். இப்போது எல்லா உணர்ச்சிக்கும் புருவம் மட்டும்தான் ஏறி இறங்குகிறது. நம் கரடிக்கு நீண்டு அசையும் உதடு. கரையான் புற்றில் வாய் வைத்து உறிஞ்சுவதற்காக அமைந்தது. பயந்தால் உதடு உள்ளே போகட்டும், பொய் சொன்னால் பக்கவாட்டில் நகரட்டும்.

சத்தத்தைப் பற்றி ஒரு யோசனை. நீலகிரியின் உயர்ந்த பகுதிகளைத் தவிர வேறெங்கும் இல்லாத நீலகிரிச் சிரிப்பான் பறவையின் குரலைக் கரடி விழும்போதெல்லாம் வைத்திருக்கிறீர்கள், காடே சிரிப்பதுபோல. அருமை. இரண்டாவது சண்டையில் கரடி விழும்போது பறவை குரல் கொடுக்காமல் இருக்கட்டும். இசையும் பாதம் முதுகில் படுவதற்கு ஒரு நொடி முன்பே நிற்கட்டும். பட்டபிறகு நின்றால் பயமுறுத்துவதாகிவிடும், முன்பே நின்றால் பார்ப்பவன் மூச்சைப் பிடித்துக்கொள்வான்.

வாத்தியாரைக் கொல்லலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். அழுகைக்காகக் குருவைக் கொல்வது, சர்க்கரை போதவில்லை என்று டீயில் வெல்லத்தைக் கொட்டுவது மாதிரி. இனிக்கும், ஆனால் டீ ருசி போய்விடும். அவரை இரண்டாவது சண்டையில் பார்வையாளராக நிறுத்துங்கள். இவ்வளவு நாள் அந்த உதறலைத் 'திறமை' என்று மெச்சியவர் அவர்தான். அவர் முகம் வாடினால் போதும்.

பக்கப் பாத்திரங்களுக்கு ஆளுக்கு ஒரே ஓர் அடி நகர்வு கொடுங்கள். அங்கே புலிப்பெண் போவை ஒருமுறை கட்டிப்பிடிக்கிறாள், கூட்டாளிகள் வாயைப் பிளக்கிறார்கள். அதற்கு மேல் அந்த உறவை விளக்கவில்லை. உங்கள் பேரன் அணில் போதும். புதிதாக நீங்கள் சேர்த்திருக்கும் காட்டுமாடும் இரண்டு செந்நாய்களும் எனக்குப் பிடித்திருந்தாலும் 14 நிமிடத்தில் அவர்களுக்கு இடமில்லை. 2024இல் வந்த நான்காம் பாகத்தில் பழைய ஐவர் ஏறக்குறையக் காணாமல் போய்ப் புது ஆட்கள் நிறைந்தபோது படம் எவ்வளவு இளைத்துப்போனது என்று பார்த்தீர்கள்தானே. 2016இல் வந்த மூன்றாம் பாகத்தில் இரண்டு அப்பாக்களை வைத்தே சமாளித்துவிட்டார்கள், அது கெட்டிக்காரத்தனம்.

தங்கச்சி உயிரோடு இருக்கிறாளா? மூன்றாம் பாகத்துக்குத் தூண்டில் போட ஆசை இருக்கும். போடுங்கள், ஆனால் வரிசை முக்கியம். அங்கே போ கடைக்குத் திரும்பி வாத்தை "அப்பா" என்று ஏற்றுக்கொண்டு கணக்கைத் தீர்த்த பிறகுதான், எங்கோ மலையில் பெற்ற தகப்பன் மகன் உயிரோடிருப்பதை உணர்வதைக் காட்டுகிறார்கள். நீங்களும் முதலில் வீட்டுக்கு வாருங்கள்: விடிகாலை, தேயிலை வரிசை, கரடி பழையபடி செடி மேல் கம்பைக் கிடத்தி மட்டம் பார்க்கிறான், முதுகில் பேரன் அணில் தூங்குகிறான். கரடிக்குக் கூசுகிறது, உதடு சுருங்குகிறது, தோள் இறங்குகிறது. அதே 8 பிரேம். உதறவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு மட்டம் பார்க்கிறான். இங்கே சிரிப்பான் குரல் கொடுக்கட்டும். பெயர்கள் ஓடி முடிந்த பிறகு வேண்டுமானால் ஓடைக்கரையில், ஈர மண்ணில், ஒரு கரடியின் காலடித் தடம்; அதன் பக்கத்தில் கிழிந்த சிவப்புத் துணி. மூன்று நொடிக்கு மேல் வைக்காதீர்கள்.